நண்பன் கல்யாணத்துக்கு மீம் பேனர்: பச்சை ஜோக்கில் எதை எடுப்பது, எதைக் கழிப்பது, எங்கே கட்டுவது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் கல்யாணம் என்றால் வாசலில் நண்பர்கள் கட்டிய மீம் பேனர் ஒன்றாவது நிற்கும். அதில் உள்ள வாசகம் பெரும்பாலும் சொந்தச் சரக்கு இல்லை. இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிற பச்சை ஜோக்கை அப்படியே எடுத்து, மாப்பிள்ளை முகத்தை ஒட்டி, பிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். போனில் பத்துப் பேரைச் சிரிக்க வைத்த அதே வரி, வாசலில் ஏறியதும் பெண் வீட்டார் முகத்தைக் கறுக்க வைக்கிறது.

ஏன் என்று பார்த்தால் விஷயம் எளிது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் கேலிக்கு ஒரு முறை உண்டு. மாமன் மச்சான் முறைக்காரர் எவ்வளவு கடித்தாலும் செல்லும். பங்காளி அதே வார்த்தையைச் சொன்னால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். சம்பந்தி ஏசலில் பெண்கள் பாடியே கிழிப்பார்கள், யாரும் கோபிப்பதில்லை. பாடுகிறவருக்கு முறை இருக்கிறது, பதிலுக்குப் பாட எதிர்ப்பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கிறது. சமூக ஊடகத்திலிருந்து எடுத்த ஜோக்குக்கு முறையும் கிடையாது, அடிபட்டவர் திருப்பிச் சொல்ல வழியும் கிடையாது. அந்த முறையை உண்டாக்குவதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி அச்சு, கயிறு, கம்பு.

முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள்: நண்பர்களுக்குக் கேலி முறை மாப்பிள்ளையோடு மட்டும்தான். பெண்ணோடும் இல்லை, பெண் வீட்டாரோடும் இல்லை. கீழே வருகிற எல்லாக் கழித்தலும் இதிலிருந்து வருகிறது.

சேர்ப்பது

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கினால் போதும். மாப்பிள்ளை இல்லாத குழு ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள். ஐந்தாறு பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் ஒருவன் மறுநாளே ஸ்டேட்டஸில் போட்டுவிடுவான். அந்த ஐந்தாறு பேரில் கல்யாணம் ஆனவர் ஒருவராவது இருக்க வேண்டும். எந்த வரி மறுவீட்டில் பேச்சாகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பார்த்ததை எல்லாம் சேருங்கள், இந்தக் கட்டத்தில் வடிகட்ட வேண்டாம். நாற்பது ஐம்பது சேர்ந்தால்தான் நான்கு தேறும். இன்ஸ்டாகிராமில் சேமிப்புத் தொகுப்பு ஒன்று திறந்து அதில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவரின் பெயரையும் எண்ணையும் உடனே வெட்டிவிடுங்கள், பிறகு செய்யலாம் என்று விட்டால் அது அப்படியே அடுத்தவர் போனுக்குப் போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் ஜோக்கை ஒரே வரியில் சொந்தமாக எழுதி வையுங்கள்: யார் மாட்டுகிறார், எதில் மாட்டுகிறார், எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது. இப்படி எழுதும்போதே பாதி ஜோக்குகள் உதிர்ந்துவிடும். வடிவேலு முகம் போட்டதால் மட்டும் சிரித்தோம், வரியில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

"90ஸ் கிட்ஸுக்கும் கல்யாணம் ஆகிறது" வகை இப்போது தெருவுக்கு மூன்று நிற்கிறது. அதை எடுக்காதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, ஏடிஎம் கார்டு மாதிரி வடிவமைப்பும் தேய்ந்துபோனதுதான். அதையே செய்தாக வேண்டும் என்றால் உண்மையான எண், பிறந்த தேதி, முகவரி எதையும் போடாதீர்கள். நிஜ ஆதார் அட்டையை வைத்து அதன் மேலேயே வேலை செய்து, நான்கு இலக்கம் மறைக்காமல் அச்சாகிப்போவது சாதாரணமாக நடக்கிற தவறு.

கழிப்பது

சேர்த்ததை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: அடி யார் மேல் விழுகிறது?

பெண் மேல் விழுந்தால் பேச்சே இல்லை, கழித்துவிடுங்கள். "சிங்கம் கூண்டில் மாட்டியது", "சுதந்திரத்தின் கடைசி நாள்", "ஆயுள் தண்டனை" எல்லாம் மாப்பிள்ளையைக் கேலி செய்வது போலத் தோன்றும். உண்மையில் கூண்டு யார், சிறை யார் என்று பாருங்கள். தன் பெண்ணைக் கூண்டு என்று எழுதிய வாசலைத் தாண்டித்தான் அவள் அப்பா உள்ளே போக வேண்டும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவத்தில் மாப்பிள்ளை படம் போடுவது சில வருடங்களாக நண்பர்கள் வட்டத்தில் பிரபலம். இளவட்டம் சிரிக்கும். ஆனால் தாலி கட்டுகிற வீட்டு வாசலில் கறுப்புக் கட்டம் போட்ட படத்தைப் பார்த்த அப்பத்தாவுக்கு அன்று முழுக்க வயிறு கலங்கும். அதை மூடநம்பிக்கை என்று விவாதிக்க அது இடமில்லை. கழித்துவிடுங்கள்.

முதலிரவு ஜோக்குகளை மாற்றி எழுதிக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். இரட்டை அர்த்தத்தை எவ்வளவு மூடினாலும் தெருவில் நிற்கிற எல்லோரும் யோசிப்பது அந்தப் பெண்ணைத்தான். அவளுக்கு அது தெரியும். நண்பர்கள் அறையில் வாய்வார்த்தையாகச் சொல்லிச் சிரிப்பதோடு அது முடியட்டும்.

நிறம், பல், வழுக்கை, உயரம் பற்றிய ஜோக்குகளில் மாப்பிள்ளை ஒப்புக்கொண்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே நிறம் அவன் அம்மாவுக்கும் தங்கைக்கும் இருக்கும். பேனரைப் பார்க்கிறவர் கண் அடுத்து அவர்கள் பக்கம் போகும்.

சீர் பற்றிய ஜோக் செட்டிநாட்டில் தனி ஆபத்து. பாத்திரங்களை அடுக்கி வைத்துப் பார்க்கிற ஊர் என்பதால் "இத்தனை வந்தது, அத்தனை வந்தது" என்று மீம் போடக் கை துறுதுறுக்கும். சின்ன எண்ணைப் போட்டால் பெண் வீட்டுக்கு அவமானம், பெரிய எண்ணைப் போட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு. அது போக, 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கும்போது பட்டியலை அச்சடித்து வாசலில் கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

பழைய காதல், பழைய காதலியின் பெயர், முதல் எழுத்து, கல்லூரி பஸ் நம்பர் என்று குறிப்பாகக் காட்டுகிற எதுவும் கூடாது. இதில் அடிபடுவது அந்தக் கல்யாணத்துக்கே வராத ஒரு பெண். அவளுக்கும் இந்த ஊரில்தான் வீடு இருக்கும்.

சாதி, மதம், மாற்றுத்திறன், திருநங்கையர் பற்றியவை குழுவுக்குள் வந்தாலே நீக்கிவிடுங்கள். "இவன் நம்ம ஆளுதான், கோவிக்க மாட்டான்" என்று சொல்லித்தான் இவற்றை எல்லாம் அனுப்புகிறார்கள். கோபித்துக்கொள்ள முடியாத நிலையில் அவனை வைத்திருக்கிறோம் என்பதே பெரும்பாலும் உண்மை.

சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவில் குற்றம். முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் சொல், சைகை, பொருள் எதைக் காட்டினாலும் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு பாயும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதன் 18ஆம் பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை. "நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்" என்பது காப்பாற்றாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவு ஒன்றைப் பகிர்ந்தவர் மீதான வழக்கில், பகிர்வது அந்தச் செய்தியை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாற்றி எழுதுவது

இதுதான் ருசியான பகுதி, இதற்கு அவசரப்படாதீர்கள். பச்சை ஜோக்கில் உறைப்பு வேறு, அழுக்கு வேறு. உறைப்பு என்பது ஒருவன் கையும் களவுமாகப் பிடிபடுவது. அழுக்கை எடுத்துவிட்டு அந்தப் பிடிபடுதலை மட்டும் வைத்துக்கொண்டு, பொதுவான "கணவன்" இருந்த இடத்தில் உங்கள் நண்பனின் நிஜமான பழக்கம் ஒன்றைப் போடுங்கள். அந்தப் பழக்கம் ஊருக்கே தெரிந்ததாக இருக்க வேண்டும். தெருவில் போகிறவர் "அட, அவனேதான்" என்று சொன்னால் பேனர் பலித்தது.

"கூண்டில் மாட்டிய சிங்கம்" ஜோக்கின் கரு என்ன? தப்பித்துக்கொண்டே இருந்தவன் இப்போது தப்பிக்க முடியவில்லை. உங்கள் நண்பன் எதிலிருந்தெல்லாம் தப்பித்தான்? எங்கே கூப்பிட்டாலும் நேரத்துக்கு வராதவன் என்றால்:

"'வந்துட்டே இருக்கேன்'னு கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னவன், இன்னைக்கு நெசமாவே வந்துட்டான்!"

பெண் வீட்டாரும் சிரிப்பார்கள். அப்பத்தா இன்னும் சத்தமாகச் சிரிப்பார், அவரும் அவனுக்காகக் காத்திருந்தவர்தான்.

தொப்பை ஜோக் ஒன்று கிடைத்தது என்று வையுங்கள். உடம்பை விட்டுவிட்டுச் செயலைப் பிடியுங்கள். பந்திக்கு முந்துகிறவன் என்று பெயர் எடுத்தவனானால்:

"ஊர்க் கல்யாணத்துல எல்லாம் முதப் பந்தி. சொந்தக் கல்யாணத்துல கடைசிப் பந்தி. கவுனியரிசி மிச்சம் இருந்தா சொல்லி அனுப்புறோம் மாப்ளே."

கடன் வாங்கித் திருப்பித் தராத கணவனைப் பற்றிய கெட்ட வார்த்தை ஜோக்குகள் நிறைய உண்டு. கெட்ட வார்த்தை இல்லாமலே அது நம் ஊரில் நிற்கும்:

"நீ தரவேண்டிய ஐந்நூறை மொய்யில கழிச்சுக்கிட்டோம். இப்படிக்கு, நண்பர்கள்."

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. அடி மாப்பிள்ளை மேல் மட்டும் விழுகிறது, அதுவும் அவனே சிரித்து ஒப்புக்கொள்கிற விஷயத்தில். குடியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நண்பர்களுக்கு ஊரறிந்த பழக்கம், மாமனார் வீட்டுக்கு அன்றுதான் தெரிகிற செய்தி.

எழுதியதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக் கேளுங்கள். படம் இல்லாமல் சிரிப்பு வர வேண்டும். பேச்சுத் தமிழிலேயே விடுங்கள். அச்சுத் தமிழுக்கு மாற்றினால் நகைச்சுவை நோட்டீசு போல ஆகிவிடும். மொத்தம் பன்னிரண்டு பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் பைக்கில் போகிறவர் படித்து முடிக்க மாட்டார்.

காட்டிச் சம்மதம் வாங்குவது

மாப்பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைப்பது வழக்கம். மறைக்கலாம், ஆனால் அவன் அக்காவிடமோ அண்ணனிடமோ முழு வடிவமைப்பையும் காட்டியே ஆக வேண்டும். பெண் பக்கத்தில் அவளுடைய தங்கையிடமோ தோழியிடமோ காட்டுங்கள். பெண் படம் பேனரில் வருவதாக இருந்தால் மணப்பெண்ணே பார்த்துச் சரி சொல்ல வேண்டும், எந்தப் படம் என்பதையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

"ஓகேவா?" என்று குழுவில் கேட்காதீர்கள். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தனியாக அனுப்பி, "இதில் எதை எடுக்கணும்?" என்று கேளுங்கள். எடுக்கச் சொல்ல அப்போதுதான் வாய் வரும். "உங்க இஷ்டம்" என்று பதில் வந்தால் அது வேண்டாம் என்பதுதான். "ம்" என்பதும் அதேதான்.

பேனரின் அடியில் வரிசையாக நிற்கிற நண்பர்கள் படத்துக்கும் ஒவ்வொருவர் சம்மதமும் வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒருவன் பெயரை அவனுக்குத் தெரியாமல் ஒரு காரமான வரிக்குக் கீழே போடுவது அநியாயம். போன் நம்பர் வேண்டவே வேண்டாம்.

அச்சுக்கு அனுப்புவது

ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே பெரிதாக்குவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. போன் ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம். அதை 6 அடிக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 15 பிக்சல்தான் வரும், முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்குலத்துக்கு 72 பிக்சலாவது இருக்க வேண்டும். 8க்கு 6 அடி பேனர் என்றால் கோப்பு 6912க்கு 5184 பிக்சல். மாப்பிள்ளை படத்தை எடுத்தவரிடமிருந்து அசல் கோப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால்தான் அளவு குறையாது. வாசகத்தை எப்போதும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

தமிழ் எழுத்து உடைவது அடுத்த தொல்லை. நீங்கள் அனுப்புவது யூனிகோடு. பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. ஒட்டினால் குப்பையாக வரும். போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். கடைக்காரர் திரும்பத் தட்டச்சு செய்தால் ஒற்றெழுத்து காணாமல் போகும், சில நேரம் ஒரு புள்ளி மாறி நல்ல வரி கெட்ட வரியாகிவிடும். அச்சுக்கு முன் மாதிரியை வாங்கி எழுத்து எழுத்தாகப் படியுங்கள், குழுவில் இல்லாத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

எழுத்து உயரத்துக்கு ஒரு கணக்கு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குலம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் 40 அடியில் நிற்கிறவர் சிரமமில்லாமல் படிக்க நான்கு அங்குலம் வேண்டும். செட்டிநாட்டுத் தெருக்கள் அகலமானவை, தாராளமாகவே வையுங்கள். திரையில் பளீரென்று தெரிகிற பச்சையும் நீலமும் அச்சு மையின் வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாறும்போது மங்கும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து ஏமாற்றாது. நான்கு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் வெறுமையாக விடுங்கள், ரீப்பர் சட்டத்தில் மடித்து ஆணி அடிக்க அந்த இடம் தேவை. முகூர்த்த நாள் வாரத்தில் கடைகளில் கூட்டம் நெரியும், நான்கு நாள் முன்னதாகக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கூடவே 6க்கு 4 அடியில் "வருக வருக" என்று மட்டும் எழுதிய சாதாரண பேனர் ஒன்றையும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது பின்னால் வருகிறது.

கட்டுவது

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாலை நடுத்திட்டில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். கேலிக்காகக் கட்டுகிற துணி ஓர் உயிரை எடுக்கக் கூடாது. நடுத்திட்டு, நடைபாதை, வளைவு, மின்கம்பம் எதிலும் வேண்டாம். பொது இடத்தில் வைப்பதானால் உள்ளாட்சி அனுமதி வாங்க வேண்டும். மண்டபச் சுற்றுச்சுவருக்கு உள்ளேயோ சொந்த வீட்டு எல்லைக்குள்ளேயோ கட்டுவதே நல்லது.

பழைய வீட்டில் கல்யாணம் என்றால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். முகப்புத் திண்ணைக்கு நேர் எதிரே கட்டினால், பெரியவர்கள் காலையிலிருந்து மாலை வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். பின் தெரு வாசலில் கட்டினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அடுப்படி அந்தப் பக்கம்தான், ஆச்சிமார் நடமாட்டம் எல்லாம் அங்கேதான். பந்தல் கால் ஓரம், வண்டி நிறுத்துகிற பக்கம் சரியாக இருக்கும்.

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவரில் ஆணியும் கூடாது, ஒட்டும் டேப்பும் கூடாது. டேப்பை உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும், அந்தப் பூச்சைத் திரும்பப் போடத் தெரிந்த கொத்தனார் அரிது. பர்மா தேக்குத் தூணில் கயிறு மட்டும், அதுவும் அடியில் துணி சுற்றி. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சட்டத்தை இழுக்காமல் இரண்டு பேர் தூக்கிப் போங்கள். வெளியே சவுக்குக் கம்பு நடுவதானால் ஒன்றரை அடி ஆழம், பின்னால் சாய்வாக ஒரு முட்டு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தாங்க வேண்டும்.

யாராவது கோபித்துக்கொண்டால்

அவிழ்த்துவிடுங்கள். விளக்கம், விவாதம் எதுவும் அப்புறம். "ஜோக்குதானே, இதுக்குப் போய்..." என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது, கோபத்தை இரட்டிப்பாக்குவது அதுதான். கத்தியும் ஏணியும் எங்கே இருக்கின்றன என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். பழைய பேனர் இறங்கிய சட்டத்தில் "வருக வருக" ஏற வேண்டும். வெறும் சட்டம் நின்றால் என்ன நடந்தது என்று வருகிறவர் எல்லாம் கேட்பார்கள், காயப்பட்டவர் மறுபடி மறுபடி அதைக் கேட்க நேரும்.

குழுவில் மூத்தவர் ஒருவர் மட்டும் போய்ப் பேசட்டும். கூட்டமாகப் போனால் பயமுறுத்துவது போல இருக்கும். "தப்பு எங்களுதுதான் ஐயா, எடுத்துட்டோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை இதில் இழுக்காதீர்கள், அவன் மணவறையில் இருக்கிறான்.

பேனர் இறங்கினாலும் படம் போனில் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டேட்டஸை நீக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்குமாக நீக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு, மற்றவர் அனுப்பியதைக் குழு நிர்வாகி நீக்கலாம். நல்ல பேனராகவே இருந்தாலும் இணையத்தில் போடும்போது பெயர், மண்டபம், தேதி, முன்னால் நிற்கிற குழந்தைகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். தெரியாத ஊரில் அதைப் பார்க்கிறவருக்கு உங்கள் நண்பனோடு எந்த முறையும் கிடையாது.

கல்யாணம் முடிந்த அன்று இரவே பேனரை இறக்கிவிடுங்கள். பிளெக்ஸ் என்பது பிவிசி, எரித்தால் நச்சுப்புகை வரும், அடுப்புக்கும் குப்பைமேட்டுத் தீக்கும் போகக் கூடாது. மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் மூட யாராவது கேட்டு வருவார்கள். முகங்களும் பெயர்களும் உள்ள பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கொடுங்கள்.